லித்தியம் மின்கலத்தில் பாலிமர் மின்பகுபொருள்

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மின்கலம் என்றதும் அதன் நேர்முனையும் எதிர்முனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றினிடையே இருந்து அயனிகளுக்கு வழிவிடும் மின்பகுபொருளை மறந்துவிடுகிறோம். மின்கலத்தின் ஆயுளும் பாதுகாப்பும் பெரும்பாலும் இந்த இடைப்பொருளையே சார்ந்துள்ளன. ஆகவே அதைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

உலோகங்களுள் மிக இலேசானது லித்தியம். ஒரு கிராம் லித்தியம் சுமார் 3,860 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் தரவல்லது. இன்றைய மின் வாகனங்களில் எதிர்முனையாகப் பெரிதும் பயன்படும் கிராஃபைட்டுக்கு இந்த அளவு 372 மட்டுமே. ஆயினும் 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலத்தில் உலோக லித்தியம் இடம்பெறவில்லை. மின்னேற்றம் செய்யும்போது உலோகம் சீராகப் படியாமல் மரக்கிளைபோல் ஊசி ஊசியாக வளர்கிறது. ஊசி நேர்முனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்; எளிதில் எரியும் கரிமத் திரவம் தீப்பற்றும். ஜப்பானில் கைத்தொலைபேசிகளில் பயன்பட்ட உலோக லித்தியம் மின்கலங்கள் தீ விபத்து காரணமாக 1989-இல் திரும்பப் பெறப்பட்டன.

உப்பைக் கரைக்கும் திண்மம்

திரவத்தை நீக்கிவிட்டுத் திண்மப் பொருளை வைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரைட்டும் அவருடைய சகாக்களும், பாலிஎத்திலீன் ஆக்சைடு என்னும் பாலிமர் கார உலோக உப்புகளுடன் இணைவதை 1973-இல் வெளியிட்டனர். இதை மின்கலத்தில் பயன்படுத்தலாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி மிஷேல் அர்மாண்ட் 1978-இல் எடுத்துரைத்தார்.

இந்தப் பாலிமரின் நீண்ட சங்கிலியில் இடையிடையே உள்ள ஆக்சிஜன் அணுக்கள் லித்தியம் அயனியைப் பற்றிக்கொள்கின்றன. சங்கிலி நெளியும்போது அயனி ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு மாறுகிறது. வரிசையாக நிற்பவர்கள் கைக்குக் கை குடம் மாற்றுவதை ஒத்தது இது.

கைகள் அசையாவிட்டால் குடம் நகராது. இப்பாலிமர் சுமார் 65 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குக் கீழே அதன் பெரும்பகுதி படிகமாக உறைந்திருப்பதால், அறை வெப்பநிலையில் அதன் கடத்துதிறன் திரவத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

பாரிஸ் நகரின் அனுபவம்

இத்தகைய மின்கலங்களைக் கொண்ட வாடகைக் கார்கள் பாரிஸ் நகரில் 2011 முதல் 2018 வரை ஓடின. மின்கலத்தை 60 முதல் 80 டிகிரி வரையிலான வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. வண்டி நிற்கும்போதும் இதற்கு மின்சாரம் செலவாயிற்று. நம் நாட்டுக் கோடையின் 45 டிகிரி வெயிலும் இந்தத் தேவையை நிறைவேற்றாது. அந்நகரில் 2022 ஏப்ரலில் இவ்வகை மின்கலம் பொருத்திய இரு பேருந்துகள் தீக்கிரையாயின. 149 பேருந்துகள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டன. திண்ம மின்பகுபொருள் என்பதனாலேயே தீ அபாயம் அடியோடு நீங்கிவிடும் என்று எவரும் கருதலாகாது. உலோக லித்தியமும் எரியக்கூடியதே.

முரண்பாடும் தீர்வுகளும்

அயனி எளிதாகச் செல்லப் பாலிமர் மென்மையாக இருக்கவேண்டும்; உலோக ஊசியைத் தடுக்க அது உறுதியாக இருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதே இத்துறையின் தலையாய பிரச்சினை. சிறிது திரவம் சேர்த்துக் களிபோல் ஆக்கினால் கடத்துதிறன் உயரும். ஆனால் உறுதி குறைவதோடு பழைய தீ அபாயமும் திரும்பும். டைட்டானியம், அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடு நுண்தூளைக் கலந்தால் படிகமாதல் குறைவதை 1998-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் காட்டினர். மென்மையான சங்கிலியையும் உறுதியான சங்கிலியையும் ஒரே மூலக்கூறில் பிணைப்பது மற்றொரு வழி. இவை தவிர, 4 வோல்ட்டை நெருங்கும்போது பாலிஎத்திலீன் ஆக்சைடு சிதையத் தொடங்குகிறது. எனவே அதனுடன் சுமார் 3.4 வோல்ட் தரும் இரும்புப் பாஸ்பேட் நேர்முனையே பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. உலோக லித்தியத்தால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கு இதனால் குறைகிறது.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

நவீன மின்கல உற்பத்தியை ஊக்குவிக்க 18,100 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 மே மாதம் ஒப்புதல் அளித்தது. 50 கிகாவாட்-மணி உற்பத்தித் திறனே அதன் குறிக்கோள். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பாலிமர் மின்பகுபொருள் பற்றிய ஆய்வுகளும் நடந்துள்ளன. பொதுப்பணம் செலவாகும் துறை இது. ஆதலால் ஒரு புதிய மின்கலத்தைப் பற்றிய அறிக்கை மேசைக்கு வரும்போது சில கேள்விகளை அலுவலர்கள் தயங்காமல் கேட்கவேண்டும். சொல்லப்படும் கடத்துதிறன் 25 டிகிரியில் அளந்ததா, 70 டிகிரியில் அளந்ததா? திரவம் ஏதும் கலந்துள்ளதா? எத்தனை முறை, எவ்வளவு விரைவில் மின்னேற்றம் செய்து பார்த்தார்கள்? சோதனை பொத்தான் அளவு மின்கலத்திலா, வாகனத்தில் பொருத்தும் முழு அளவு மின்கலத்திலா? தேவைக்கு மிஞ்சிய லித்தியத்தை வைத்துச் சோதித்தார்களா?

மாணவ நண்பர்களும் தங்கள் ஆய்வேடுகளில் இவற்றுக்கான விடைகளை ஒளிவுமறைவின்றிக் குறிப்பிடவேண்டும். சாதகமான ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டும் ஆய்வு, அதை நம்பித் தொழிற்சாலை அமைப்பவரை இக்கட்டில் தள்ளும். குறைகளையும் கூறும் ஆய்வே நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு உறுதியான அடித்தளமாகும் என்று கூறி என் உரையை முடித்துக்கொள்கிறேன்.