எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?



"நாளையிலிருந்து வர வேண்டாம்." தூய்மைப் பணியாளரை வேலையிலிருந்து நிறுத்த இந்த மூன்று சொல் போதும் என்று ஒப்பந்ததாரர்கள் நினைக்கிறார்கள். போதாது என்கிறது சட்டம். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய, காரணம் எழுதி ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. மீண்டும் ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. 1953 திருத்தத்தில் தொழில் தகராறுகள் சட்டத்துக்குள் வந்த இந்த உரிமைகள், 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன.

பிறகு ஏன் நம் மக்களுக்குக் கிடைப்பதில்லை? தொழிற்சங்கத்தில் மனு எழுதும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை நாள் வேலை செய்தீர்கள், ஆதாரம் என்ன?" பெரும்பாலும் பதில் மௌனம்தான். 240 நாளை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி; வருகைப் பதிவேடோ முதலாளியிடம். ஒப்பந்ததாரர் மாறினால், பத்தாண்டு அதே தெருவைக் கூட்டியவரும் புது ஆளாகிவிடுகிறார். குப்பை அள்ள ஆள் தேடும்போது சாதி நினைவிருக்கிறது. பணிமூப்பு மட்டும் மறந்துபோகிறது.

நீங்கள் படித்தவர்கள், கையில் கைபேசி இருக்கிறது. வீட்டில், தெருவில் இந்த வேலை செய்கிறவர்களின் அடையாள அட்டை, பி.எஃப். எண், வங்கிப் பதிவு, வருகைக் குறிப்பு எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை போனால் உடனே சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு.

ஜெய்பீம்.