சகுனியின் காய்களையும் விசாரிப்போம்



சூதாட்ட இயந்திரங்களின் உளவியல் பற்றிய இந்தக் கருத்தரங்கைக் கொழும்பில் அல்லவா வைக்க வேண்டும், கடற்கரையூரான குச்சவெளியில் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தக் கரையில் கசினோ இல்லை, ஜாக்பொட் மெஷினும் இல்லை. ஆனால் அந்த மெஷினைச் செய்தவர்கள் மனித மனத்தைப் பற்றிக் கற்ற பாடம் கைபேசி வழியாக எங்கள் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. அதனால்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

சூதில் தோற்றவனைப் பற்றிப் பேச எங்களிடம் கதைகளுக்குக் குறைவில்லை. தருமன் நாட்டைத் தோற்றான், நளன் காட்டுக்குப் போனான். கூத்திலும் பிரசங்கத்திலும் தலைமுறை தலைமுறையாக அவர்களின் புத்தியைக் குறை சொல்லி வந்திருக்கிறோம். தருமனை விசாரித்த அளவுக்குச் சகுனியின் காய்களை நாங்கள் விசாரிக்கவில்லை. ஆடுகிறவனின் குணத்தை ஆராய்வதோடு நின்றுவிடாமல், ஆட்டப் பொருளைச் செய்தவனின் கணக்கையும் ஆராய வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளை உளவியல் படித்தவர்கள் அறிவார்கள். இத்தனை தடவை கொத்தினால் ஒரு தானியம் என்று நிச்சயம் இருந்தால், தானியம் நின்றதும் புறாவும் சீக்கிரம் நின்றுவிடுகிறது. எத்தனையாவது கொத்தில் கிடைக்கும் என்று தெரியாதபோது அது விடாமல் கொத்துகிறது. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்துகிறது. ஜாக்பொட் மெஷின் இந்த விதியின்படிதான் நடக்கிறது என்று 1950களிலேயே ஸ்கின்னர் எழுதிவிட்டார்.

கடலும் அப்படித்தானே என்று கரைவலைச் சம்மாட்டி ஒருவர் கேட்கலாம். ஒரு நாள் வலையின் மடி நிறையக் கீரி மீன், மறுநாள் வெறும் சொறிமுட்டை. மீன்பாடு யாருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆனாலும் பெரிய வேறுபாடு உண்டு. நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் காற்றின் திசையையும் பார்த்துப் பார்த்துச் சம்மாட்டி கற்றுக்கொள்கிறார். பத்து வருட அனுபவம் அவருக்குக் கைகொடுக்கிறது. வலை வளைத்து இழுத்து முடிக்க மணிக்கணக்காகும், உடம்பு களைக்கும், வாடை பிறந்தால் தொழிலே ஓயும். பாடு இல்லாவிட்டால் அந்த நட்டம் கயிறு பிடித்த அத்தனை பேருக்கும் பொது. மெஷினின் முன்னால் இருப்பவர் தனியாள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு தொடர்பில்லாதது. எத்தனை வருடம் ஆடினாலும் கற்றுக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. மணிக்கு நூற்றுக்கணக்கில் சுற்றலாம். போதும் என்று சொல்ல அங்கே காற்றும் இல்லை, காலமும் இல்லை. கடல் எவரையும் பிடித்து வைக்கத் திட்டம் போடுவதில்லை. மெஷினுக்குத் திட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் திட்டத்தில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பழைய மெஷினில் சின்னங்களோடு சுழன்று நிற்கும், கண்ணுக்குத் தெரியும் சில்லுகள்தான் முடிவைத் தீர்மானித்தன. ஒரு சில்லில் 22 நிறுத்தங்கள் என்றால், மூன்று சில்லுகளிலும் சேர்த்து 10,648 விதமாக நிற்கலாம். இத்தனை சேர்க்கைகளுக்குக் கட்டுப்படியாகாத பெரிய பரிசை அறிவிக்க வேண்டுமானால் சில்லையே பெரிதாக்க வேண்டும். 1984இல் டெல்நேஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இந்தத் தடையை நீக்கியது. முடிவைக் கணினி எடுக்கிறது; சில்லு அந்த முடிவைக் காட்டும் பொம்மை மட்டுமே. கணினிக்குள் இருக்கும் கற்பனைச் சில்லுக்கு 64 நிறுத்தங்கள் வைத்தால், சேர்க்கைகள் 262,144 ஆகிவிடுகின்றன. வெளியே தெரிவதோ அதே 22தான். பெரும் பரிசுக்குரிய சின்னத்துக்கு அந்த 64இல் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல எண்களைக் கொடுத்தால், அந்தச் சின்னம் வெற்றிக் கோட்டுக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். ஆடுகிறவருக்கு ‘மயிரிழையில் தவறிவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் அவர் வெற்றிக்குக் கிட்டவே போகவில்லை.

இப்படிக் கிட்டே வந்து தவறுவது மூளையை என்ன செய்கிறது என்று கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். வெற்றியின்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் சில அப்போதும் விழித்துக்கொண்டன. ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. சின்னத்தைத் தாங்களே தெரிவு செய்தபோதுதான் அந்த ஆசை கூடியது என்பது இன்னும் முக்கியமானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சனும் உடன் ஆய்வாளர்களும் வேறொன்றைக் காட்டினார்கள். நூறு ரூபாய் போட்டு முப்பது ரூபாய் திரும்பி வந்தாலும் மெஷின் விளக்கெரித்து இசை முழக்குகிறது. போனது எழுபது, ஆனால் உடம்பு வென்றதைப் போலவே சிலிர்க்கிறது.

மானிடவியலாளர் நட்டாஷா டவ் ஷூல் லாஸ் வேகாசில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட நூலில், சூதாட்டப் பழக்கம் முற்றிய நிலையில் இருப்பவர்கள் வெல்வதற்காக ஆடுவதில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள் என்று காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது.

எங்கள் பஸ் நிலையங்களில் விற்கும் லொத்தர் சீட்டு இவ்வளவு தந்திரமானதல்ல. அதை மெஷினோடு சமப்படுத்த மாட்டேன். ஆனாலும் மகாஜன சம்பதச் சீட்டில் ஆங்கில எழுத்து மட்டும் பொருந்தினாலும் சிறு பரிசு உண்டு; அந்தப் பரிசுக்குக் காசு வாங்காமல் இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவரை எங்கும் பார்க்கலாம். நாளைய சீட்டிழுப்பு வரை அவர் காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் அவருக்குப் பாதுகாப்பு. கைபேசி விளையாட்டு அந்த ஒரு நாள் இடைவெளியை ஒரு விநாடியாக்கிவிட்டது. எனக்கு மிகுந்த கவலை தருவது அதுதான்.

வடிவமைப்பை மாற்றினால் பழக்கமும் மாறும் என்பதற்குச் சான்று இருக்கிறது. எங்கள் உறவுகள் ஆயிரக்கணக்கில் வாழும் நோர்வேயில், கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் நின்ற மெஷின்கள் நோட்டு விழுங்குவதை 2006இல் தடுத்தார்கள். 2007 ஜூலையில் மெஷின்களையே அகற்றினார்கள். சூதாட்ட உதவித் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. பின்னர் வந்த மெஷின்களில் ஆடுவதற்கு ஆளுக்கொரு அட்டை வேண்டும், இழப்புக்கு உச்சவரம்பும் உண்டு. பிரித்தானியாவில் 2021 முதல் இணைய ஜாக்பொட் விளையாட்டின் ஒரு சுற்று இரண்டரை விநாடிக்குக் குறையக் கூடாது. போட்ட காசுக்கு மேல் வராதபோது இசையும் விளக்கும் போட்டுக் கொண்டாடக் கூடாது. ஆய்வுகூடத்தில் கண்டது சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

எங்கள் நாட்டில் 2025 ஓகஸ்ட்டில் கொழும்பில் சிட்டி ஒப் ட்ரீம்ஸ் கசினோ திறக்கப்பட்டது. அதே ஆண்டு சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அனுமதிப்பத்திரமும் வரியும் வசூலிப்பதோடு அந்த அதிகாரசபை ஓய்ந்துவிடக் கூடாது. சுற்றின் வேகம், தோல்விக்கு முழங்கும் இசை, கிட்டே வந்து தவறும் சின்னங்கள் ஆகியவற்றுக்கு அது விதி வகுக்க வேண்டும். அவ்விதிகள் கைபேசித் திரைக்கும் பொருந்த வேண்டும். ஆடுகிறவர்களுக்கான எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை ஆதாரங்களோடு எழுதி இன்று மாலைக்குள் தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டு, முதலாவது அமர்வைத் தொடக்கி வைக்கிறேன்.