காலை இழுக்கும் வலிக்குப் பாயில் கிடப்பது மருந்தல்ல

(மாதர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது நம்மில் எத்தனை பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்? சிலருக்கு வலி இடுப்போடு நிற்பதில்லை. பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கிறது. இருமினால், தும்மினால் கூடுகிறது. கால்விரல் மரத்துப்போகிறது. "வாயு" என்கிறோம், "வயசாயிருச்சு" என்கிறோம். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போகிறோம்.

இது நரம்பு வலி. வைத்தியர்கள் சயாட்டிக்கா என்பார்கள். முதுகின் அடியிலிருந்து காலுக்கு இறங்கும் அந்த நரம்புதான் உடம்பிலேயே தடித்தது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தினால், வலி காலில் தெரியும். ஈரக் கொழுந்து நிறைந்த கூடையோடு சரிவில் நிற்பதும், முள்ளுக்குத்தும்போது குனிந்தபடியே உடம்பைத் திருப்புவதும், மருந்துத் தாங்கியைச் சுமப்பதும் இடுப்புக்குத்தான் பாரம்.

பெரும்பாலானோருக்கு இது சத்திரசிகிச்சை இல்லாமலே சில வாரங்களில், அல்லது இரண்டு மூன்று மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகும். வலி கடுமையான ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு லயத்து வாசலிலாவது மெல்ல நடக்க வேண்டும்.

மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் பிசியோதெரபி, அதாவது இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், "பிசியோதெரபிக்கு எழுதித் தாருங்கள்" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

அங்கே எந்த அசைவில் உங்கள் கால்வலி குறைகிறது என்று பார்த்துப் பயிற்சி சொல்லித் தருவார்கள். ஒருவருக்குக் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது சுகம் தரும். இன்னொருவருக்கு மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்ப்பது சுகம் தரும். ஆகவே பக்கத்துக் காம்பராக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள். வலி காலிலிருந்து மேலேறி இடுப்பில் ஒதுங்கினால் பயிற்சி சரி. பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு, அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள். சூட்டு ஒத்தடமும் தைலமும் கொஞ்ச நேர ஆறுதல்தான். வயிற்றுக்கும் முதுகுக்கும் பலம் தருவது வீட்டில் தினமும் செய்யும் பயிற்சி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால், சிறுநீர் வராமல் அடைத்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தால், கால் பலமிழந்து தொய்ந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

நாம் ஏன் பாதியில் விட்டுவிடுகிறோம்? வைத்தியசாலைக்குப் போகும் நாளில் பேர் விழாது. பஸ் காசும் போகும். அதனால் ஒரு முறை போய்விட்டு நின்றுவிடுகிறோம். இனி அப்படி விடாதீர்கள். கிளினிக் திகதி எழுதிய துண்டைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ காட்டுங்கள். சுகமாகும்வரை பாரம் குறைந்த வேலை கேட்டு நிர்வாகத்தோடு பேசுவது சங்கத்தின் பொறுப்பு. மலையில் வழுக்கி விழுந்தால் அன்றே அறிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வேலையில் நேரும் விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் வழக்காடுவது கஷ்டம்.

கூடை நிரம்பி வழியும்வரை சுமக்காமல் இடையில் கொட்டுங்கள். தூக்கிவிட ஒருவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் போங்கள். நாளைக்கு அந்த இடுப்பு நம்முடையதாக இருக்கலாம்.