பல்கனியில் இருக்கும் தலை

(பலெர்மோவில் எமது புத்தாண்டு விழாவில் ஒரு சகோதரி பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே இருக்கும் பெண்களில் அநேகர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே நான் சொல்லப்போகும் சாமானை நீங்கள் எல்லோரும் ஒருக்காலாவது துடைத்திருப்பீர்கள். மண்ணால் செய்த கறுப்பு மனிதனின் தலை, கிரீடம் வைத்து, உள்ளே பூக்கன்று. சோடியாக ஒரு வெள்ளைப் பெண்ணின் தலையும் இருக்கும். 'தெஸ்தா தி மோரோ' என்பார்கள். நானும் எட்டு வருஷம் ஒரு சிஞ்ஞோராவின் பல்கனியில் அதற்குத் தண்ணீர் விட்டனான். யாருடைய தலை என்று கேட்டதில்லை. விலை கூடின சாமான், உடைத்துப் போடக்கூடாது என்ற பயம் மட்டும்தான்.

கேட்க வைத்தவன் என்ர மகன். நத்தார் நாடகத்தில் ஒவ்வொரு வருஷமும் அவனுக்குக் கறுப்பு ராசா வேஷம். மூன்றாம் வருஷம் வீட்டுக்கு வந்து, "அம்மா, என்னைச் சூசையப்பராக ஏன் ஒருக்காலும் விடுகினமில்லை?" என்றான். எனக்கு மறுமொழி வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஊரின் சிலைகளை நின்று பார்க்கத் தொடங்கினேன்.

அந்தத் தலைக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1100ஆம் ஆண்டளவில் கல்சாவில், பல்கனியில் பூக்கன்று வளர்த்த ஒரு பெண்ணை ஒரு மூர் காதலித்தானாம். அவனுக்கு ஊரில் பெண்சாதி பிள்ளைகள் இருப்பது தெரிந்ததும், அவள் அவன் நித்திரையாய் இருக்கேக்க தலையை வெட்டி அதில் பசிலிக்கோ நட்டாளாம். (பசிலிக்கோ எங்கட துளசிக்குச் சொந்தம்.) கன்று செழித்ததைக் கண்ட அயலவர்கள் மண்ணில் அதே மாதிரித் தலை செய்வித்தார்களாம். இது கதைதான். ஆனால் 831 முதல் 1072 வரை பலெர்மோவை முஸ்லிம்கள் ஆண்டது கதையல்ல. ஆண்ட சனத்தின் தலை பூச்சட்டியாகிவிட்டது.

இந்திப்பெந்தென்சா சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போர்த்தா நுவோவாவை நிமிர்ந்து பாருங்கள். வாசலில் நான்கு பெரிய மூர்கள். ஐந்தாம் சார்ள்ஸ் மன்னன் துனீசைப் பிடித்துவிட்டு 1535இல் இந்த நகருக்குள் வந்த ஞாபகம். தோற்றவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். இருவருக்குக் கையே இல்லை. 'மூர்' எங்களுக்கும் புதிய சொல்லல்ல. அதே நூற்றாண்டில், 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசர் எங்கட சோனகருக்கு வைத்த பெயரும் அதுதான். இன்றும் குடிசனக் கணக்கெடுப்பில் அது இருக்கிறது.

அதே பெயரில் ஒரு புனிதரும் இருக்கிறார். சான் பெனதெத்தோ இல் மோரோ. சிசிலியின் சான் பிராத்தெல்லோவில், ஆபிரிக்காவிலிருந்து வந்த அடிமைகளுக்குப் பிறந்தவர். சாந்த மரியா தி ஜேசு மடத்தில் சமையற்காரர். எழுத வாசிக்கத் தெரியாத அவரை மடத்துக்கே தலைவராக்கினார்கள். 1589இல் இறந்தார். 1652இல் நகரசபை அவரைப் பலெர்மோவின் காவலர்களில் ஒருவராகத் தெரிந்தெடுத்தது. பாப்பரசர் புனிதராக அறிவித்ததோ 1807இல்தான். சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிற எங்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

வெள்ளைக்காரரைக் குறை சொல்ல மட்டும் நான் இங்கே வரவில்லை. பல்லரோவில் ஒரு பெரிய சுவரில் பெனதெத்தோவின் படம் கீறியிருக்கிறார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் வாயில் வந்த முதல் கதை, "அம்மா, இது காப்பிலியெல்லோ?" அந்தச் சொல்லை அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எங்கட குசினியில்தான் படித்தவன். சந்தையில் எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற நைஜீரியப் பெண்களை நாங்கள் என்ன பேர் சொல்லிக் கதைக்கிறம்? கலியாணம் பேசேக்க முதல் கேள்வி "பிள்ளை நல்ல வெள்ளையோ?" சிரிக்கிறீர்கள். நானும் கேட்டிருக்கிறன்.

2023 ஜூலைக் காட்டுத் தீயில் அந்தக் கோயிலும் அங்கிருந்த அவருடைய உடலும் எரிந்து சேதமாயின. அவருடைய திருநாள் ஏப்ரல் 4, எங்கட வருஷப்பிறப்புக்குப் பத்து நாள் முன்னம். இந்த வருஷம் அன்றைக்கு மகன் கேட்டான், "அவரும் குசினியில வேலை செய்தவரோ அம்மா?"

"ஓம் அப்பன், உங்கட அப்பாவைப் போல" என்றேன்.