படையும் குடியும்
(சிதம்பரத்திற் கூடிய நம் சங்கத்தார் அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கட்டாயமின்றித் தாமே விரும்பிச் சேர்வாரால் அமையும் படை நாட்டுமக்கள் அனைவரையும் ஒத்திருக்குமோ என்பதே யாம் ஆராயப் புகுந்த பொருள்.

1748-ல் நம் கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டைக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்பார் கும்பினிப் படையை ஒழுங்குபடுத்தினார். சென்னைப் படை வளர்ந்தது அதன் பின்னரே. ஆயினும், 1881-ல் அதன் தலைவராய் வந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குரியரல்லர் எனக் கருதினார். நம்மவர் பிரிவுகள் பையப்பையக் குறைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் வாயில் திறந்ததும் சென்னை மாகாணத்தார் பெருந்திரளாகச் சேர்ந்தனர். குறை விருப்பத்திலன்று, வாயிலிலேயே இருந்தது.

1949-ல் அரசினர் படைச் சேர்க்கையை எல்லா வகுப்பார்க்கும் பொதுவாக்கினர். எனினும் ஜாட், ராஜபுத்திரர் முதலிய வகுப்புப் பெயர்ப் பிரிவுகள் இன்றும் உள. நமக்கும் அத்தகையதொன்று வேண்டுமென்பார் நம் சங்கத்துள்ளும் உளர். யாம் உடன்படோம். ஒருவர்க்கெனத் தனியே திறக்கும் வாயில் மற்றொருவர்க்கு அடைபடும். சென்னைப் படைப்பிரிவில் தென்னாட்டுப் பல குலத்தாரும் ஓரணியில் நிற்கின்றனர். நம் மக்களையும் அப்பொது வாயிலுக்கே அனுப்புவோமாக.