பால்மா டின்கள்



நூற்றாண்டு விழாவில் நாம் செய்த நல்லவற்றைச் சொல்வதுதான் வழக்கம். நாம் விட்ட ஒரு பிழையைச் சொல்லவும் இன்று அனுமதி தாருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவால் கண்டி மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பிலிமத்தலாவையில் நாம் சும்மா இருக்கவில்லை. இரண்டே நாளில் பெட்டி பெட்டியாகப் பொருள் சேர்த்தோம். பாதிக்கு மேல் குழந்தைப் பால்மாவும் பால் போத்தல்களும். வெளிநாட்டுச் சகோதரிகள் அனுப்பிய பணத்துக்கும் அதையே வாங்கினோம். நம்மில் வைத்தியர்களும் இருந்தோம். ஒருவரும் தடுக்கவில்லை.

நலன்புரி நிலையத்தில் மிட்வைப் மிஸ் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். "டொக்டர், இதைக் கரைக்கத் தண்ணி எங்கே?" என்று கேட்டார். குழாய்நீர் இல்லை. கொதிக்கவைக்க அடுப்பு இல்லை. போத்தல் கழுவ வாளியில் இருந்தது கலங்கல் நீர். தாய்மாரோ டின் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று மாவைக் குறைத்துக் கரைப்பார்கள். வயிற்றோட்டமும் மெலிவும் அந்தப் போத்தல் வழியாகவே வரும்.

இது வெறும் பயமல்ல. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபின் ஆராய்ந்தார்கள். நன்கொடைப் பால்மா கிடைத்த சிறு பிள்ளைகளில் சுமார் 25 வீதமானோருக்கு வயிற்றோட்டம். கிடைக்காதவர்களில் சுமார் 12 வீதமானோருக்கே. சுனாமியின்போது நம் நாட்டுக்கும் இப்படிப் பால்மா வந்து குவிந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை இங்கே 1983 முதலே இருக்கிறது. ஆனால் அன்பளிப்பு என்றதும் நாம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்.

"பயத்தில் பால் வத்திப்போச்சு" என்று தாய்மார் சொல்வார்கள். பயம் பால் இறங்குவதைத்தான் சற்றுத் தடுக்கும், சுரப்பு நின்றுவிடுவதில்லை. பிள்ளை அடிக்கடி உறிஞ்சினால் திரும்ப இறங்கும். அதற்குத் தாய்க்குச் சாப்பாடும் குடிநீரும் ஆண்களின் கண்படாத ஒரு மூலையும் வேண்டும். நூறு பேர் படுத்திருக்கும் மண்டபத்தில் அந்த மூலை எங்கே? தாயை இழந்த பிள்ளைக்கும், தாய்ப்பால் கிடைக்கவே வழியில்லாத பிள்ளைக்கும் பால்மா கட்டாயம் வேண்டும். அதைச் சுகாதார வைத்திய அதிகாரியின் மேற்பார்வையில், கொதிக்கவைத்த நீரில் கரைத்து, போத்தலில் அல்லாமல் கோப்பையில் கொடுக்க வேண்டும்.

டின்களை எல்லாம் அவரது அலுவலகத்தில் ஒப்படைத்தோம். மறுநாள் கொண்டுபோனவை வேறு: மூடியுள்ள வாளிகள், சவர்க்காரம், ஜீவனி பக்கெட்டுகள், தாய்மாருக்குக் கடலையும் பயறும், மறைப்புக் கட்டக் கயிறும் திரைச்சீலைகளும். நம் பாடசாலை மேடையின் பழைய சிவப்புத் திரையையும் கழற்றிக்கொண்டு போனோம். அதன் பின்னால் நாடகம் நடித்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள்.

அந்தச் சீலைகள் திரும்பி வந்து களஞ்சிய அறையில் கிடக்கின்றன. அடுத்த மழைக்கு முன் துவைத்து, கிழிந்ததைத் தைத்து மடித்து வைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.