பழைய டிராக்டருக்கு இரண்டு விலை



பழைய டிராக்டருக்கு இரண்டு விலை உண்டு. விற்பவர் சொல்வது ஒன்று. அந்த வண்டி உங்கள் வயலில் இறங்கி, ஒரு பருவம் முழுக்க நிற்காமல் உழுது கரையேறும்வரை ஆகும் செலவு இன்னொன்று. முதல் விலையைப் பேரம் பேசிக் குறைத்துவிடலாம். இரண்டாவது விலையிடம் பேரம் எடுபடாது. வாங்கும் முன்பே கண்ணாலும் காதாலும் கையாலும் சோதித்துத்தான் அதைக் குறைக்க முடியும். அது எப்படி என்று இன்று பார்ப்போம்.

சொந்த டிராக்டர் தேவைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு டிராக்டர் தருகிறது. ஊரிலும் வாடகை வண்டிகள் இருக்கின்றன. நிலம் கொஞ்சம்தான் என்றால் அதுவே லாபம். ஆனால் மழை பெய்து மண் பதமாகிற அந்த நான்கைந்து நாளில் ஊரே டிராக்டருக்கு அலையும். வண்டி நம் காட்டுக்கு வந்து சேரும்போது ஈரம் போயிருக்கும். இப்படிப் பதம் தப்பி நஷ்டப்படுகிறவர்களுக்குத்தான் பழைய டிராக்டர் நல்ல வழி. ஷோரூம் வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிற சுமையும் இல்லை.

எந்த வண்டியை வாங்குவது? குதிரைத்திறனையும் நிறத்தையும் பிறகு பார்க்கலாம். உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மெக்கானிக்குகள் எந்த வண்டியை அதிகம் பிரித்துப் பூட்டியிருக்கிறார்களோ, அதுதான் உங்களுக்கான வண்டி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அது மாஸ்ஸி ஃபெர்குசன் 1035. சிவப்பு நிற வண்டி, மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. இங்கிலாந்தில் 1956-இல் வெளிவந்த ஃபெர்குசன் 35 என்ற வண்டிதான் இதற்கு மூதாதை. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கிய ஹைட்ராலிக் லிப்டும் மூன்று புள்ளி இணைப்பும்தான் இன்றைக்கும் நம் கலப்பையைத் தூக்கி இறக்குகின்றன. அடிப்படை அமைப்பு அதிகம் மாறாததால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் பகுதியில் மஹிந்திராவோ ஸ்வராஜோ ஐஷரோ அதிகம் ஓடினால் அதையே எடுங்கள். கணக்கு ஒன்றுதான்: பழுது வரத்தான் செய்யும், வந்தால் அன்றைக்கே சரியாக வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். முன்கூட்டியே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் யாருக்கும் ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்த இன்ஜின் எத்தனை செல்ஃப் எடுக்கிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பதில்தான் உண்மை தெரியும். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை. வெள்ளைப் புகை தொடக்கத்தில் கொஞ்சம் வரலாம். சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அதைத்தான். இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

அடுத்து, அந்த வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்று கண்டுபிடியுங்கள். மணி காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். கேபிள் அறுந்தால் அதுவும் நின்றுவிடும், மாற்றுவதும் சுலபம். தேய்மானத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

வண்டிக்குப் பின்னால் குனிந்து, டிரெய்லர் மாட்டுகிற டிராபாரின் துளையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் நீண்டிருந்தால், வண்டி வயலைவிடச் சாலையில் அதிகம் இழுத்திருக்கிறது. செங்கலோ மணலோ கரும்போ ஏற்றி வருடக்கணக்கில் ஓடிய வண்டி அது. கிளச், பிரேக், ஸ்டீரிங் மூன்றும் களைத்திருக்கும். கிளச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டெல்டா வண்டியாக இருந்தால் கதை வேறு. கேஜ் வீல் மாட்டித் தொளி உழுத வண்டி வருடா வருடம் சேற்றில் மூழ்கி எழுந்திருக்கும். பின்அச்சின் ஆயில் சீல் வழியாக உள்ளே தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். கியர் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஃபெர்குசன் வகை வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். பம்பும் உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் போனால் பல்சக்கரம், பேரிங், ஹைட்ராலிக் பம்ப் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேடு.

மானாவாரிக் காட்டில் ரொட்டவேட்டர் ஓட்டிய வண்டிக்குத் தூசிதான் எமன். ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பற்களையும் ஏர் கிளீனரையும் கவனியுங்கள்.

லிப்டைச் சோதிக்க ஒரு வழி. கலப்பையை மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, இன்ஜினை நிறுத்திவிட்டு உரிமையாளரோடு பேச்சுக் கொடுங்கள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கலப்பை தரையில் படுத்துவிட்டால், ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. தூக்கிய கலப்பைக்கு அடியில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

டயருக்கு வருவோம். பின் டயர் இரண்டும் புதிதாக மாற்றுவது பெரிய செலவு. பட்டன் தேய்ந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். புது பெயின்ட் அடித்த வண்டியென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆயில் கசிவையும் வெல்டிங் போட்ட இடத்தையும் பெயின்ட் மூடிவிடும், பெயின்ட் செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். அழுக்கோடு நிற்கும் வண்டி பொய் சொல்லாது.

காகிதங்களைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். எழுத்து தெரியாவிட்டால் அழுக்கைத் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெளிவாக விழும். டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாக்கிக் கட்டணமும் அபராதமும் உங்களைச் சேரும். வங்கிக் கடன் அடைந்தும் ஆர்.சி.யில் எச்.பி. என்ற கடன் பதிவு நீக்கப்படாமல் இருக்கும் வண்டிகள் ஏராளம். வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

இப்போது பணக் கணக்கு. கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். மீதித் தொகைக்குள் வருகிற வண்டியை மட்டும் பாருங்கள். மொத்தப் பணத்தையும் கொட்டி வாங்கிய வண்டி, முதல் பழுதிலேயே களத்துமேட்டில் நின்றுவிடும்.

வண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. உயிர் கொடுக்கிற வேலையை எங்கே தொடங்குவது? மலிவான வேலையிலிருந்து தொடங்குங்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பேட்டரி முனைகளில் பூத்த பச்சைப் பொடியைச் சுரண்டி, எர்த் வயர் உடம்போடு சேரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள். சோம்பிக் கிடந்த செல்ஃப் பல நேரம் இதிலேயே சுறுசுறுப்பாகிவிடும்.

பிறகு டீசல். வருடக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் அடியில் தண்ணீரும் துருவும் தங்கியிருக்கும். முழுக்க வடித்துக் கழுவி, டீசல் பில்டர்களை மாற்றுங்கள். மாற்றியதும் லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க, பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடியுங்கள். முதலில் நுரை கொப்பளிக்கும், பிறகு விட்டுவிட்டு வரும், கடைசியில் நுரையே இல்லாமல் தெளிந்த டீசல் ஓடும். அப்போது அடிப்பதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். நாசில் தூவுவதைச் சோதிக்கக் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நாசிலையும் பம்பையும் அதற்கான பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஏர் கிளீனர் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் பாத் வகை. அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த சேறு இருக்கும். உள்ளே வரும் காற்றின் தூசியையெல்லாம் பிடித்து வைத்த சேறு அது. டீசலில் கழுவி, குறியீடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். அதிகமானால் இன்ஜின் அதை இழுத்துக்கொள்ளும். தூசியில் ரொட்டவேட்டர் ஓடும் நாட்களில் தினமும் பார்க்க வேண்டிய இடம் இது. இதைச் சோம்பலால் விட்டவர்கள்தான் லைனர், பிஸ்டன் செலவுக்கு ஆளாகிறார்கள்.

ரேடியேட்டர் கழுவுங்கள், ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானம் கூடும். புதிது வாங்கிப் போடுங்கள். எல்லா ஆயிலையும் மாற்றி, டேப்பெட் வைத்து, கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் பழையது பிதுங்கி வரும்வரை கிரீஸ் அடியுங்கள்.

பெரிய வேலை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். டிராக்டருக்கு லாரி போலத் தனிச் சட்டகம் கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின்அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டில் இணைந்ததே அதன் உடம்பு. கிளச் தட்டு மாற்ற வேண்டுமானால் வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்த கூலி ஒரே கூலிதான். அதனால் கிளச்சோடு ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிராங்க் கிரைண்டிங் என்றால், ஏற்கெனவே எத்தனை சைஸ் குறைத்திருக்கிறது என்று லேத் பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 சைஸ் வரை போய்விட்ட கிராங்க்கைத் திரும்பத் திரும்பத் தேய்க்க இடமிருக்காது.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பாகம் கிடைக்கும். பானெட், மட்கார்டு, ரிம், சீட் இவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பேரிங், ஆயில் சீல், நாசில், பிரேக் பாகங்களைப் பழையதில் வாங்குவது மிச்சமல்ல.

எந்த வேலை தள்ளிப்போனாலும் பிரேக்கும் ஸ்டீரிங்கும் தள்ளிப்போகக் கூடாது. அவை சரியாகாமல் சாலையில் ஏறாதீர்கள். பி.டி.ஓ. தண்டுக்கு மூடி போடுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டில் வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபைத் தொட்டு ஸ்டார்ட் செய்கிற வித்தையை விட்டுவிடுங்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள்மேல்தான் ஏறும். டிரெய்லரையும் பாரத்தையும் டிராபாரில் மட்டும் கட்டி இழுங்கள். மேலே டாப் லிங்க் பக்கம் கட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் கவிழும்.

பெயின்ட், லைட், புது சீட் எல்லாம் கடைசி. அவற்றை முதல் அறுவடைப் பணத்தில் செய்துகொள்ளலாம். அதற்குள் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் எந்த ஆயில் மாற்றினீர்கள், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை மணி உழுதது என்று எழுதி வாருங்கள். ஒரு பருவம் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். வாடகைக்குக் கொடுத்திருக்க வேண்டிய தொகையைவிடச் செலவு குறைவாக இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், ஓடுகிற நிலையில் இருக்கும்போதே நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள். வாங்க வருகிறவரிடம் அந்த நோட்டையும் சேர்த்தே கொடுங்கள்.